உதவி என்ற பெயரில் கொடுத்த கூலி

கூலி என்றதும், உழைப்பவரின் வியர்வை உலருமுன் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிகளாரின் (ஸல்) அறிவுரையே நம் நினைவுக்கு வரும். எங்கள் துணிக்கடையின் கல்லாவுக்கு மேலே அதை எழுதி மாட்டியிருந்தார் வாப்பா. அவருக்குப் பின் கடையை ஏற்ற சகோதரர்கள் நாங்கள் இருவரும் அதற்கு மாறாக நடந்ததில்லை என்றே நம்பியிருந்தோம். மாதத்தின் முதல் நாள், அஸர் தொழுகைக்கு முன்பே பதினான்கு பேருக்கும் சம்பளம் சேர்ந்துவிடும். அவரவர் பண்டிகைக்குப் புத்தாடை உண்டு. வீட்டுத் திருமணத்திற்கு முன்பணம் உண்டு. எல்லோரும் ஒரே குடும்பம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பரணிலிருந்து துணிக்கட்டு இறக்கும்போது ஏணி சறுக்கி, கடையின் மூத்த பணியாளர் ஒருவர் விழுந்தார். வாப்பா காலத்திலிருந்தே எங்களோடு இருப்பவர். நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர். வலக்கை முறிந்தது. மருத்துவச் செலவை நாங்களே ஏற்றோம். மூன்று மாதங்கள் அவரால் வேலைக்கு வர இயலவில்லை. மாதச் சம்பளம் 12,000 ரூபாயில் பாதியை, வேலை செய்யாத போதும், வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் அவர் கண் கலங்க, "பாய், நீங்க நல்லா இருக்கணும்" என்பார். திரும்பும் வழியில் எங்கள் உள்ளத்தில் ஒரு நிறைவு இருக்கும். ஸதகா செய்த நிறைவு அது.

அந்த நிறைவு நீடிக்கவில்லை. பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் எங்கள் மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிறார்களே, இ.எஸ்.ஐ.யில் பதியவில்லையா?" அவர் கடையிலும் ஒருவர் அப்படித்தான் விழுந்திருக்கிறார். சிகிச்சை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இலவசம். வேலைக்கு வர இயலாத நாட்களுக்கெல்லாம் ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதை அவர் எவரிடமும் கையேந்திப் பெறவில்லை. தம் பெயரிலுள்ள அட்டையைக் காட்டிப் பெற்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டோம். பத்துப் பேர் பணிபுரியும் கடையில் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். பணியாளரின் பங்கு 0.75 விழுக்காடு, எங்கள் பங்கு 3.25. அண்ணனின் சம்பளத்திற்கு மாதம் அவர் 90 ரூபாய், நாங்கள் 390 ரூபாய் செலுத்தியிருக்க வேண்டும். செலுத்தியிருந்தால் மாதம் 10,800 ரூபாய் அளவில் அவருக்குக் கிடைத்திருக்கும். நாங்கள் கொடுத்ததோ 6,000. மூன்று மாதங்களில் 14,400 ரூபாய் குறைவு. ரமளான்தோறும் ஜகாத்தைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் நாங்கள், எங்களிடம் உழைப்பவரின் உரிமையை ஒருமுறைகூடக் கணக்கிட்டதில்லை. அவருக்குரிய ஹக்கை அவரிடமிருந்து மறைத்து, அதில் பாதியைத் தர்மமாகக் கொடுத்து, அதற்கு துஆவும் பெற்றுக்கொண்டிருந்தோம்!

மறுநாள் அந்தத் தொகையுடன் அவர் வீட்டிற்குப் போனோம். "அதான் ஏற்கெனவே குடுத்துட்டீங்களே, பாய்" என்று வாங்க மறுத்தார். "அண்ணே, அதை உதவின்னு சொல்லிக் கொடுத்தோம். அதுவும் இதுவும் உங்களுக்குச் சேர வேண்டியதுதான். எங்களைப் பொறுத்துக்குங்க" என்றோம். பணத்தை வாங்கிக்கொண்டவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "என் பேருலயும் ஒரு அட்டை வருமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மாதமே கடையைப் பதிவு செய்தோம். அத்துடன் வேறு சிலவற்றையும் திருத்திக்கொண்டோம். சிறு தொழில் நடத்தும் சகோதரர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

ஒவ்வொருவருக்கும் சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை ஆகியவற்றை எழுதி, பணி நியமனக் கடிதம் கொடுத்தோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் திருவசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். வாய்ப்பேச்சை நம்பியிருந்த நாம் அதைச் சிந்திக்க வேண்டும். முன்பணம் கொடுத்தாலும் கழித்தாலும் இருவர் கையொப்பமும் இடுகிறோம். சம்பளத்துடன், எது எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று காட்டும் சீட்டும் தருகிறோம். பிடித்த தொகையைக் கடைப் பணத்தோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்திவிடுகிறோம். பணியாளர் இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதியும் கட்டாயமாகும். அதிலும் இதே ஒழுங்கு வேண்டும். பிறர் ஊதியத்திலிருந்து பிடித்த பணம் நம் கையில் இருக்கும் அமானத். "இந்த மாதம் வியாபாரம் மந்தம்" என்று அதைச் சரக்குக்குத் திருப்புவது அமானத்தில் கைவைப்பதே.

பலர் மறந்துவிடுவது பணிக்கொடை. பத்துப் பேர் உள்ள கடையில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர் விலகும்போது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் அவருக்கு உரியது. மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து நாள் ஊதியத்தைக் கணக்கிட வேண்டும். 12,000 ரூபாயில் இருபது ஆண்டுகள் உழைத்தவருக்கு அது 1,38,461 ரூபாய். ஒரே நாளில் புரட்ட முடியாது என்பதால் இப்போதிருந்தே மாதந்தோறும் ஒதுக்கி வருகிறோம்.

இதனால் எங்கள் இலாபம் குறைந்தது உண்மை. முன்பு இலாபமாகத் தெரிந்ததில் ஒரு பகுதி எங்களுடையதே அல்ல என்பதும் உண்மை.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றை நாம் அறிவோம். அவர்களில் ஒருவர், கூலி பெறாமல் போய்விட்ட பணியாளரின் பங்கை முதலீடு செய்து பெருக்கி, அவர் திரும்பி வந்தபோது முழுவதையும் ஒப்படைத்தவர். அச்செயலை முன்வைத்தே அல்லாஹ்விடம் அவர் உதவி கேட்டார். பாறை விலகியது. அப்படியொரு இக்கட்டில் நாம் முன்வைக்க நம் சம்பளப் பதிவேட்டில் என்ன இருக்கிறது? இன்றிரவு கடையை அடைக்குமுன் ஒருமுறை திறந்து பார்ப்போம்.

எங்கள் பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக. பிறர் ஹக் கலவாத வருமானத்தில் நம் அனைவருக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.