ஊதிப் பார்த்து வாங்கு

மங்கல இசைக்கருவியாகிய நாகசுரத்தில் திமிரி, பாரி என இருவகை உண்டு. திமிரி குட்டையானது, நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் கணீரென்று ஒலிப்பது. ஒலிபெருக்கி இல்லாத நாளில், சுவாமி எந்தத் தெருவில் எழுந்தருளுகிறார் என்பதை ஊருக்கு அறிவித்தது அதன் குரலே. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கச்சேரி மேடைக்கு நீண்ட பாரியைக் கொண்டுவந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார் அதனைச் செய்து கொடுத்தார். அதன்பின் திமிரி மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

என் தந்தையார் திமிரி வாசித்தவர். அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூர்க் கோயிலில் காலை மாலை ஊதியே எங்களை வளர்த்தார். "இந்தக் குழல் என்னோட போகட்டும், நீ பேனாவைப் பிடி" என்பார். அவ்வாறே பி.ஏ. முடித்து, மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனேன். அவர் காலமானபோது ஊர் சென்று காரியங்களை முடித்த கையோடு, அந்தத் திமிரியைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு மும்பை திரும்பினேன். பத்து நாள் விடுப்பில் வேறென்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு.

சென்ற ஆண்டு, தாராவி 90 அடிச் சாலைக்கு அருகே வசிக்கும் முதிய வித்துவான் ஒருவர் தம் பழைய திமிரியை விற்க இருப்பதாக நண்பர் கூறினார். ஆன்டாப்ஹில் அரசுக் குடியிருப்பில் எங்கள் கூடத்துச் சுவரில், தந்தையார் படத்தின் கீழே அதனை மாட்டலாம் என்று எண்ணிப் பணத்தோடு புறப்பட்டேன்.

பெரியவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. குழலை வெளிச்சத்தில் திருப்பி, "விரிசல் இருக்கான்னு நல்லாப் பாருங்க தம்பி" என்றார். ஆச்சா மரம். பழைய வீட்டு உத்தரங்களிலிருந்து எடுத்த, நன்கு உலர்ந்த மரமே நாகசுரத்துக்கு உகந்தது. பச்சை மரம் வெடித்துவிடும். விரல்கள் ஆளும் ஏழு துளைகளைக் காட்டினார். அவற்றின் கீழே, பிரம்ம சுரத் துளைகளில் மெழுகு வைத்துச் சுருதி கூட்டியிருப்பதையும் காட்டினார். பின்னர், நாணலால் ஆன சீவாளி ஒன்றை நனைத்துப் பொருத்தி என்னிடம் நீட்டினார்.

"ஊதிப் பாக்காம வாங்கக் கூடாது."

சிறுவயதில், தந்தையார் வீட்டில் இல்லாத வேளைகளில் திருட்டுத்தனமாக ஊதியவன் நான். முதல்முறை வெறுங்காற்று வந்தது. இரண்டாம்முறை வந்த கீச்சொலி கேட்டு வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தனர். மூன்றாம்முறை சட்ஜம் பிடிபட்டது. ஒரு கணந்தான், ஆயினும் அது எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் கேட்ட அதே குரல். கண்கள் கலங்கின. மூச்சுத் திணறல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"வீட்டுல யார் வாசிக்கப் போறாங்க?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "சுவரில் மாட்டத்தான், ஐயா" என்றேன்.

அவர் சினக்கவில்லை. "மூச்சுப் படாத குழல் வெறுங்கட்டை தம்பி. ஞாயித்துக்கிழமை தோறும் வாங்க. ஏழு சுரமும் பேசட்டும். அப்புறம் விலை பேசுவோம்" என்றார்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டையின் நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தியை நாளிதழில் படித்து நானும் பெருமை கொண்டவனே. ஆனால் ஊரைவிட்டு வந்த நாம், மரபைச் சுவரில் மாட்டிப் பெருமை கொள்வதோடு நின்றுவிடுகிறோமோ என்னும் ஐயம் அன்றுதான் என்னைத் தைத்தது.

இப்போது ஞாயிறுதோறும் தாராவிக்குச் செல்கிறேன். மகளும் உடன் வருகிறாள். நான் இன்னும் சுத்த மத்தியமத்தில் தடுமாறி நிற்கிறேன். அவள் என்னைக் கடந்துவிட்டாள். விலையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.