சீட்டியடித்தது யார்?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறுவர், சென்ற ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அருட்சகோதரி ஒருவரின் துணையுடன் போடிமெட்டுக்குப் புறப்பட்டோம். போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள்! எட்டாவது வளைவிலேயே எங்களில் இருவர் எலுமிச்சம்பழத்தை முகரத் தொடங்கிவிட்டனர். கீழே வெயில், மேலே சாரலும் மூடுபனியும். தோழி ஒருத்தியின் பெரியப்பாவுடைய ஏலத்தோட்ட வீட்டில் தங்கினோம்.

சனிக்கிழமை விடியுமுன்பே வீட்டின் பின்புறமிருந்து சீட்டியொலி கேட்டது. அது பாட்டாகவும் இல்லை. ஏதோ நினைப்பில் நடந்து போகும் பையன், ஏற்றியும் இறக்கியும் சும்மா அடிப்பது போல் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் நின்றது. சாத்தினால் மீண்டும் தொடங்கியது. முந்தின மாலை பால் கொண்டுவந்த சிறுவன் சீட்டியடித்தபடி வந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். பிறகென்ன, புகார் செய்தோம். கணக்கப்பிள்ளை அவனைக் கூப்பிட்டு அதட்டினார். “நான் இல்லைய்யா, அந்நேரம் நான் வீட்டுல இருந்தேன்” என்றான். யாரும் நம்பவில்லை, நாங்களுந்தான்.

ஞாயிறு காலை அதே சீட்டி! சகோதரி குடையுடன் முன்னே நடக்க, நாங்கள் பின்னே சென்றோம். ஏலச்செடிகளுக்கு அப்பால் ஓடை. பாறைமேல் ஆள் யாருமில்லை. மைனா அளவில் ஒரு கரிய பறவை நின்றது. ஓடையின் இரைச்சலையும் மீறி அதன் தொண்டையிலிருந்தே அந்தச் சீட்டி வந்தது! பனி விலகி வெளிச்சம் பட்டதும், நெற்றியிலும் தோளிலும் பேனா மையைக் கொட்டினாற்போல் நீலம் மின்னியது.

உயிரியல் ஆசிரியை கொடுத்தனுப்பிய சாலிம் அலியின் பறவை நூல் பெட்டியிலேயே இருந்தது. அதுவரை நாங்கள் அதைத் திறக்கவே இல்லை. இம்மலைகளில் வேறொரு கறுப்புக் குருவியும் உண்டு. அதற்கு அலகும் கால்களும் ஆரஞ்சு நிறம். இதற்கு இரண்டும் கறுப்பு. ஆகவே ஐயமில்லை, இது சீகாரப் பூங்குருவி. ஆங்கிலத்தில் இதன் செல்லப்பெயர் என்ன தெரியுமா? ‘சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன்’!

இது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வாழ்வது. பூச்சி, நண்டு, மண்புழு, பழம் எல்லாம் இதற்கு உணவு. ஓடையோரப் பாறை இடுக்கில் கூடு கட்டும். மழைக்காலத்தில், கிழக்கு வெளுக்குமுன்னரே பாடத் தொடங்கிவிடும். அந்த நீலமும் சாயமன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. நிழலில் நின்றால் வெறுங்கறுப்பு.

மாலையில் சிறுவன் பாலுடன் வந்தான். மன்னிப்புக் கேட்க ஒருவரையொருவர் முன்னே தள்ளினோம். கடைசியில் சகோதரிதான் முதலில் பேசினார். அவன் தூக்குவாளியைப் பார்த்தபடியே, “அது ஓடைக்கிட்ட இருக்க குருவிக்கா. எனக்குத் தெரியும். சொன்னா நம்பவா போறீங்க?” என்றான்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்தில் அதன் படத்தைக் காட்டினோம். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தொடாமலே குனிந்து பார்த்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். அன்று அவன் சீட்டியடிக்கவில்லை.