எந்தக் கரையில் இறங்குவது?

வேடசந்தூர் மக்களுக்கு ஆமை என்றால் கிணற்றாமைதான். திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எங்கள் ஊர், புகையிலைக்கும் நூற்பாலைகளுக்கும் பேர்போன வறண்ட பூமி. குடகனாற்றில் தண்ணீர் ஓடுவதே இங்கு ஒரு திருவிழா. கோடையில் கிணறு தூர் வாரும்போது சேற்றில் ஆமை அகப்பட்டால், ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழியைச் சொல்லி, அதைக் கூடையிலிட்டு ஊருக்கு வெளியே விட்டுவருவது வழக்கம். அத்தகைய ஊரிலிருந்து இருபத்திரண்டு பேர் ஓர் ஆமையைக் காண்பதற்கென்றே 250 கிலோமீட்டர் பயணம் செய்தோம் என்றால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும். அப்பயணத்துக்குக் காரணம் ஒரு தாயின் விருப்பம்.

எங்கள் பங்கைச் சேர்ந்த அந்த அம்மையாரின் மகன், உணவகத் தொழில் படித்து, கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பலொன்றில் பணியாற்றுகிறார். அக்கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நின்றால் மாலையில் புறப்பட்டுவிடும். அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குள் எந்தக் கடற்கரைக்குச் சென்றால் ஆமைகளைக் காணலாம் என்பதே பயணிகள் பலர் அவரிடம் கேட்கும் கேள்வியாம். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை அணிந்து, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு, நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடியே கடலடியைக் காணும் இவ்விளையாட்டுக்கு ஸ்நார்க்கலிங் என்று பெயர். மகன் கைப்பேசியில் அனுப்பியிருந்த ஆமைப் படத்தை ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மையார் எங்களிடம் காட்டினார்.

“சாமி, இது நம்ம கடல்ல இல்லீங்களா? எம்மவன் பாக்குறத நானும் ஒரு தடவ பாக்கணும்.”

மகனை நேரில் கண்டு பத்து மாதங்கள் ஆகியிருந்தன. வேளாங்கண்ணிக் கரையில் கால் நனைத்ததற்கு மேல் கடலை அறியாத அவரிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சொல்லவும் முடியாது, ஏனெனில் ஆமை நம் கடலிலும் உண்டு.

உலகில் உள்ள கடலாமைகள் ஏழு இனங்கள். அவற்றுள் ஐந்து நம் நாட்டுக் கடல்களில் வாழ்கின்றன. பங்குனி ஆமை, பேராமை, அலுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என நம் கரையோர மக்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி வைத்திருக்கின்றனர். கிணற்றாமைக்கும் இவற்றுக்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை கூறினார் அல்லவா? அவ்வாறு தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளக் கடலாமையால் இயலாது. துடுப்புப் போன்ற கால்களே அதற்குத் துணை. ஆபத்து வந்தால் ஒளிய இடமில்லை. நீந்தித் தப்ப வேண்டும். மேலும் அது மீனைப்போல் நீருக்குள் சுவாசிப்பதன்று. நம்மைப்போல் நுரையீரல் உடையது. மூச்சுக்காக மீண்டும் மீண்டும் மேலே வந்தே தீர வேண்டும். இவ்விரண்டு உண்மைகளையும் அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். எங்கள் பயணத்தின் பாடமே இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

புறப்படுமுன் பங்கு இல்லத்தில் வரைபடத்தை விரித்து ஆலோசனை நடத்தினோம். கையில் இருப்பது ஒரே பகல். இராமேசுவரம் பக்கம் செல்வது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. எந்தக் கரை என்பதில்தான் வாதம் எழுந்தது.

இளைஞர்கள் தனுஷ்கோடியை விரும்பினர். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரின் இடிந்த ஆலயத்தையும், நிலம் முடியும் அரிச்சல்முனையையும் காண வேண்டும் என்பது அவர்கள் ஆசை. காணலாம், ஆனால் அங்கே நீரோட்டம் வலியது, நீந்தத் தகாத இடம். மேலும் அம்மணற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு தடவைக்கு நூறு முட்டைகளுக்கு மேலும் இடும். வனத்துறையினர் அவற்றைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து, ஐம்பது நாட்கள் அளவில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். ஆயிரம் குஞ்சுகளுள் ஒன்றிரண்டே வளர்ந்து பெரிதாகின்றன என்பது அறிஞர் கணிப்பு. பிரசவ அறைக்குள் வேடிக்கை பார்க்க நுழைவது முறையாகுமா? எனவே தனுஷ்கோடியைத் தள்ளினோம்.

அடுத்ததாகக் குருசடைத் தீவு பேசப்பட்டது. பாம்பனுக்கு அருகிலுள்ள இத்தீவு, 1986-இல் அமைக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் ஒன்று. பவளப்பாறைகளுக்குப் புகழ்பெற்றது. ஆயினும் வனத்துறையின் அனுமதியோடு செல்ல வேண்டிய காப்பிடம் அது. நினைத்தவுடன் இறங்கி நீந்தும் இடம் அன்று. 2016-இல் கடல்நீர் வெப்பம் மிகுந்து இப்பகுதிப் பவளங்கள் வெளுத்துப் பெருமளவு மடிந்தன. நீச்சல் பழகாத இருபது சமவெளிவாசிகள் களைத்தவுடன் காலூன்ற இடம் தேடினால், பவளத்தின்மேல்தான் மிதிக்க நேரும். அதையும் விட்டோம்.

எஞ்சியது வடகடல். இராமேசுவரத் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா. தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் அங்குள்ளோர் அழைக்கின்றனர். வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். கோடையில் கச்சான் காற்று எழுந்தால் தென்கடல் சீறும், வடகடல் குளம்போல் கிடக்கும். நாங்கள் சென்றதோ பாஸ்கா விழாவுக்குப் பின், ஏப்ரல் மாத இறுதியில். வடகடலின் ஆழம் குறைவு. அடியில் மணலும், கரை மக்கள் தாழை என்று கூறும் கடற்புல்லும். வளர்ந்த பேராமைக்கு அப்புல்லே முக்கிய உணவு, கடற்பசுவுக்கும் அதுவே. ஆமை முட்டையிடும் இடத்துக்குச் செல்லாமல் அது மேயும் இடத்துக்குச் செல்வோம் என்று முடிவாயிற்று. இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே அரியமான், பிரப்பன்வலசை ஆகிய இரு கரைகள் உள்ளன. அரியமானில் சவுக்குத் தோப்பின் நிழலும் விடுமுறைக் கூட்டமும் மிகுதி. நீர் விளையாட்டுப் பயிற்சி கிடைக்கும் பிரப்பன்வலசையையே தேர்ந்தோம்.

மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியே சென்ற பயணத்தை விவரிக்க வேண்டியதில்லை. வழியில் விலகி ஓரியூரில், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய செம்மண்ணைத் தொட்டு வணங்கினோம். மாலையில் ஒரு கரையில் வண்டியை நிறுத்தி ஆறியிருந்தபோது, படகு வைத்திருந்த ஒருவர் எங்களை அணுகினார்.

“சாமி, பிள்ளைங்க ஆமை பாக்கணுமா? ஐந்நூறு சேத்துக் குடுங்க. படகுல விரட்டிப்போய்த் தூக்கிக் காட்டிர்றேன். போட்டோ எடுத்துட்டு விட்ருவோம்.”

பிள்ளைகள் ஆர்வத்தோடு எங்கள் முகத்தைப் பார்த்தனர். அம்மையாரும் பார்த்தார். இவ்வளவு தொலைவு வந்து காணாமல் திரும்புவதோ என்ற எண்ணம் எங்களுக்கும் ஒரு கணம் தோன்றியது என்பதை மறைப்பதற்கில்லை. அப்போது வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலையைத் தூக்கி, “அது செயில் கேசு, சாமி” என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் 1977-இல் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் துன்புறுத்துவதும் குற்றம். அம்முதியவரோ தம் இளமையில் தந்தையோடு ஆமை பிடித்தவர். அக்காலத்தில் ஆமை பிடிப்பதற்கென்றே தனி வலை இருந்ததாம். 1960-களில் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் முதல் நாலாயிரம் ஆமைகள் பிடிபட்டன என்றும், அவற்றுள் முக்கால் பங்கு பேராமை என்றும் ஆய்வாளர் குறித்துள்ளனர். தூத்துக்குடிச் சந்தைகளில் இறைச்சி விற்றது. மருந்தென்று பச்சை இரத்தத்தையும் குடித்தனர். இலங்கைக்கு உயிரோடு ஏற்றுமதியும் நடந்தது.

“மல்லாக்கப் போட்டா ஒண்ணும் செய்யாது சாமி. கண்ணுல தண்ணி மட்டும் வடியும். அழுவுதுன்னு எங்க ஆத்தா சொல்லும்” என்றார் முதியவர். அது அழுகையன்று, உடலில் சேரும் மிகை உப்பைக் கண்ணருகேயுள்ள சுரப்பி வழியே கடலாமை வெளியேற்றுகிறது. ஆனால் அந்த விளக்கத்தை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கரீபியன் கடலின் கதையும் வேறன்று. 1503-இல் கொலம்பஸ் கேமன் தீவுகளைக் கண்டபோது, சூழ மொய்த்த ஆமைகளைக் கண்டு அவற்றுக்கு ‘ஆமைகள்’ என்றே பெயரிட்டார். பின்வந்த மாலுமிகள் அவற்றை உயிரோடு கப்பலில் அடுக்கி, வழியுணவாக்கி, கூட்டங்களையே அழித்தனர். மெக்சிகோவின் சில பகுதிகளில் ஆமையை மீன் எனக் கருதித் தவக்காலத்தில் உண்ணும் பழக்கம் இருந்தது. அது மீன் அன்று, இறைச்சியே என்று அறிவிக்குமாறு 2002-இல் இயற்கை ஆர்வலர்கள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலிடம் விண்ணப்பித்தனர். நோன்பு நோற்கிறோம் என்ற நிறைவோடே ஓர் உயிரினத்தை ஒழிக்கவும் மனிதரால் இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மறுநாள் காலை ஏழு மணிக்கே கடலில் இறங்கினோம். வெயில் ஏற ஏறக் காற்று எழுந்து நீர் கலங்கும். தெளிந்த நீருக்கு விடியற்காலையே ஏற்றது. அனைவருக்கும் மிதவைச் சட்டை அணிவித்தனர். அம்மையாரும் வேறு இரு மூத்தோரும் படகில் அமர்ந்தனர். பயிற்சியளித்த இளைஞர், ஆமையைக் கண்டால் அசையாது மிதக்க வேண்டும், துரத்தலாகாது, தொடலாகாது, அதற்கு மேலே வழியை அடைக்கலாகாது என்று திரும்பத் திரும்பக் கூறினார்.

முதல் அரைமணி நேரம் புல்லையே கண்டோம். குடகனாற்றங்கரை நெல்வயல் நீருக்குள் இறங்கிவிட்டதுபோல் பச்சைப் பரப்பு. இடையிடையே நட்சத்திர மீன், கடலட்டை, ஊசிபோன்ற சிறுமீன் கூட்டம். பிறகு திடீரென ஒரு சிறுவன் கை நீட்டினான். பத்தடி தொலைவில், புல்லின் மேல், பழுப்பு ஓடு ஒன்று மெல்ல நகர்ந்தது.

கேட்ட அறிவுரையெல்லாம் அக்கணமே மறந்தது. கரையில் போதித்த நாங்களே முதலில் கையைக் காலை அடித்து முன்னேறினோம். பின்னால் அத்தனை பேரும். மூச்சுக்காக மேலெழத் தொடங்கியிருந்த அந்த ஆமை, எங்கள் நிழல்களைக் கண்டு சட்டெனத் திரும்பி ஆழத்தில் மறைந்தது. எடுக்க வேண்டிய மூச்சை எடுக்கவில்லை. படகிலிருந்த அம்மையார் எதையும் காணவில்லை. “போயிருச்சா?” என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு மிகுந்த வெட்கமாயிற்று. ஐந்நூறு ரூபாய் கேட்ட மனிதரை முந்திய மாலை மனத்துக்குள் கடிந்தவர்கள், மறுநாள் காலையில் காசு வாங்காமலே அவர் வேலையைச் செய்துவிட்டோம்.

பயிற்சியாளர் அனைவரையும் படகின் பக்கம் சேர்த்து, கயிற்றைப் பிடித்தபடி அசையாதிருக்கச் செய்தார். பேச்சில்லை. மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகு ஒலியும் இல்லை. நேரம் சென்றது. நாங்கள் நம்பிக்கை இழந்திருந்த வேளையில், படகுக்கு முன்னே சற்றுத் தள்ளி, சிறு கொட்டாங்கச்சி அளவான ஒரு தலை நீருக்கு மேல் வந்தது. உஸ்ஸென்று ஒரு மூச்சு. முன்பு கண்டதுதானோ, வேறொன்றோ, அறியோம். மீண்டும் ஒரு மூச்சு. சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. எண்ணினால் பத்து விநாடி இராது. நீருக்குள் முகம் கவிழ்த்திருந்த எங்களில் பலர் அதைக் காணவில்லை. அம்மையார் கண்டார்.

கரைக்கு வந்ததும் மகனுக்குக் கைப்பேசியில் பேசினார். “பாத்துட்டேன்டா. படமெல்லாம் எடுக்கல. அது மூச்சு விட்டதக் கேட்டேன்” என்றார். எதிர்முனையில் மகன் என்ன சொன்னாரோ, அவர் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறையில் கடலுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து கூற விரும்புவது இதுவே. எந்தக் கரை அழகியது என்று மட்டும் கேளாதீர்கள். எந்தக் கரையில் நாம் இறங்கினால் அங்கு வாழும் உயிருக்கு இடையூறு குறையும் என்றும் கேளுங்கள். காற்றின் காலத்தைக் கரை மக்களிடம் விசாரியுங்கள். பிடித்துக் காட்டுகிறேன் என்பவரை மறுத்துவிடுங்கள். காத்திருங்கள், வந்தால் காணுங்கள், வராவிடில் வணங்கித் திரும்புங்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் குடகனாறு அமராவதியில் கலக்கிறது, அமராவதி காவிரியில், காவிரி வங்கக் கடலில். மிதக்கும் நெகிழிப் பையைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்கி ஆமைகள் மாள்கின்றன. வறண்ட ஆறுதானே என்று வேடசந்தூரில் நாம் எறியும் பை, வெள்ளம் வரும் ஆண்டில் கடலுக்குப் பயணம் செய்கிறது. ஊர் திரும்பிய அடுத்த சனிக்கிழமை, பயணத்தில் வந்த சிறுவர்கள் சாக்குப் பைகளோடு ஆற்றுக்கு இறங்கினர். யாரும் அவர்களை அனுப்பவில்லை. அம்மையார் கரையில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தார்.