தேர்நாளும் பழரசமும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருவிழா 25 நாட்கள் நடைபெறும். 24ஆம் நாள் தேர். அன்று வீதி மணலில் வெறுங்காலுடன் நின்றவர்களுக்கே யாழ்ப்பாணத்து வெயில் இன்னதென்று தெரியும். பேராறு எதுவுமில்லாத குடாநாடு இது. மாரி மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறுவதே எமக்குத் தண்ணீர். ஆதலினாற்றான் தண்ணீர்ப் பந்தலிட்டுத் தாகந் தீர்ப்பது இங்கே பெரும் அறமாகப் போற்றப்படுகின்றது.

எமது ஒழுங்கை முகப்பிலும் ஆண்டுதோறும் ஒரு பந்தல் உண்டு. பிற பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கிடைக்கும். எமது பந்தலில் மாமியின் பழரசம். சென்ற ஆண்டு முழங்கால் வருத்தத்தால் மாமி கதிரையோடு அமர்ந்துவிட்டார். "பிள்ளையள், இந்தமுறை நீங்கள்தான் பாக்கவேணும்" என்று, அயலவர் சேர்த்த பணத்தை எம் கையில் தந்தார்.

தேருக்கு முதல்நாள் விடியற்காலையில் சுன்னாகச் சந்தைக்குப் புறப்பட்டோம். காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம் கடந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் பயணம். சந்தையில் முதலிற் கண்ணிற் படுபவை வாழைக்குலைகள். நீர்வேலிச் செம்மண்ணில் விளைந்த கதலியின் மணம் வாயிலிலேயே எம்மை மறித்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் பருவம் முடியுந் தறுவாய். விலையைக் கேட்டு ஆசையை அடக்கிக்கொண்டோம். அன்னாசி தெற்கிலிருந்து லொறியில் வந்திருந்தது. நிறத்தைப் பார்த்துப் பொறுக்கிய எம்மைப் பழக்கடை ஆச்சி தடுத்தார். "மணந்து பார் பிள்ளை. மணமில்லாட்டி இனிப்புமில்லை." உண்மைதான், அறுத்தபின் அன்னாசிக்கு இனிப்பேறுவதில்லை. அன்னாசியும் பப்பாசியும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக இப்பக்கம் வந்தவை. இன்று அவையில்லாத பழத்தட்டு எமக்குப் பழத்தட்டாகத் தோன்றுவதில்லை!

மாலையில் எமது கெட்டித்தனம் தலைகாட்டியது. பழத்துடன் பசும்பால் சேர்த்தால் மாமியின் பழரசத்தையும் வென்றுவிடலாமென எண்ணினோம். பழங்களிற் பாதியை அரைத்து, பாலிற் கலந்து மூடிவைத்தோம். ஒரு மணி நேரத்தின் பின் திறந்தபோது பால் திரைந்திருந்தது. வாயில் வைத்தால் ஒரே கைப்பு. பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் உள்ள நொதியங்கள் பாலின் புரதத்தைச் சிதைப்பதால் வந்த வினை. அன்னாசியைக் கொதிக்கவைத்திருந்தால் அந்த நொதியம் அடங்கியிருக்கும். ஊரார் பணம் ஒரு கிடாரம் நிறையக் கைத்துக் கிடந்தது. மாமிக்கு எப்படிச் சொல்வது?

சொன்னோம். அவர் ஏசவில்லை. "உள்ளதைக் கொண்டு வா" என்றார். செய்தி ஒழுங்கையிற் பரவ, அயல்வீட்டு மரங்களிலிருந்து தேசிக்காயும் வேலிகளிலிருந்து கொடித்தோடையும் வந்து சேர்ந்தன.

மாமி கதிரையிலிருந்து சொல்லச் சொல்ல, விடியுமுன் செய்யத் தொடங்கினோம். பத்துப் பேருக்கு அளவு இது: நடுத்தர அன்னாசி 1, பப்பாசிப் பாதி, கொடித்தோடை 6, தேசிக்காய் 3, சீனி 300 கிராம், கொதித்தாறிய தண்ணீர் 2 லீற்றர், ஒரு சிட்டிகை உப்பு. சீனியைச் சிறிது நீரிற் காய்ச்சி ஆறவிட வேண்டும். கொடித்தோடையை இயந்திரத்தில் அரைத்தல் ஆகாது. விதை நொறுங்கினால் சாறு கைக்கும். அரிதட்டிலிட்டுக் கரண்டியால் தேய்த்தாற் போதும். தேசிக்காயையும் தோல் நசுங்கப் பிழியலாகாது. அன்னாசியையும் பப்பாசியையும் பொடியாக நறுக்கி எல்லாவற்றையும் கலந்தபின், நீரிலூறிய கசகசாவைத் தூவுதல் வேண்டும். கதலியை வார்க்கும் வேளையிலேயே நறுக்கிச் சேர்ப்பது நன்று. முன்னரே வெட்டினாற் கறுத்துவிடும்.

மாமிக்கு நீரிழிவு. ஒரேயொரு கரண்டி நாவில் வைத்துக் கண்ணை மூடினார். "இன்னும் ரெண்டு தேசிக்காய்" என்றார்.

தேர் இருப்பிடம் வந்து சேருமுன்னரே கிடாரம் காலியாயிற்று. பச்சை சாத்திய முருகனைக் கண்டு திரும்பிய முதியவர் ஒருவர் இரண்டாம் முறையும் பேணியை நீட்டினார். அடியில் மிஞ்சிய வாழைப்பழத் துண்டுகளை வழித்து அவருக்கே வார்த்தோம்.