வாளும் ஏடும்

கல்வி யென்பது ஏட்டில் மட்டும் அடங்குவதன்று. கையிலும் காலிலும் கண்ணிலும் குடிகொண்டு, ஒருவர் உடலினின்றும் மற்றொருவர் உடலுக்கு நேரே செல்லுங் கல்வியும் உண்டு. உழவும் நெசவும் அத்தகையன, வாட்பயிற்சியும் அத்தகையதே. ஏட்டுக் கல்வியை ஏடு காக்கும். உடற்கல்வியை உடலே காத்தல் வேண்டும். அவ்வுடல் மாயுங்கால் அக்கல்வியும் உடன் மாயும். சில ஆண்டுகளாக, விடுமுறை தோறும் நொய்யற்கரைச் சிற்றூ ரொன்றிற் சிலம்பமும் வாள்வீச்சும் பயின்றுவரும் யான், அப்பயிற்சியால் உணர்ந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

கொங்கு நாட்டிற்கு வாள் புதியதன்று. சென்னிமலைக்கு அணித்தாக, நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலை அகழ்ந்தோர், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஆங்கு இரும்பு உருக்கப்பட்டமைக்குரிய உலைகளைக் கண்டனர். ஓடாநிலையிற் கோட்டை கட்டி ஆங்கிலக் கம்பெனியாரை எதிர்த்த தீரன் சின்னமலை, 1805-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப் பட்டார். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டாம் நாளில் மக்கள் அவரை நினைந்து கூடுகின்றனர். அவருடன் நின்றோர் ஒரு குலத்தினர் அல்லர். கருப்பசேர்வையும் பொல்லானும் அவர் படையில் இருந்தோரே. வாளேந்திய வீரன் உருவத்தை ஒரு குலத்தின் கொடியிற் பொறித்துக் கொள்ளுதல் எளிது. அவ்வாளை வீசக் கற்றல் அரிது. எங்கள் ஆசானது களத்தில், கற்க வந்தவரை எக்குலத்தவ ரென்று வினவும் வழக்கம் இல்லை. வரிசையில் நிற்பார் அனைவரும் முதலில் மண்ணைத் தொட்டு வணங்குதல் வேண்டும், அவ்வளவே.

வாட்கலை அருகியதற்குக் காரணங்கள் பல. மருது சகோதரர் வீழ்ந்தபின், 1801-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவ் தென்னாட்டுப் பாளையக்காரர்தம் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். பின்னர் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றிப் படைக்கலம் ஏந்துதலைத் தடுத்தது. வாள் வீட்டை விட்டு அகன்றது, கம்பு நின்றது. “வாளைப் புடுங்கீட்டாங்க, காலைப் புடுங்க முடியுமா?” என்பர் எங்கள் ஆசான். வாளுக்குரிய காலடியும் வீச்சும் கம்பினுள் மறைந்து வாழ்ந்தன என்பது அவர் கருத்து.

நிற்க. பயிற்சியின் இயல்பைச் சிறிது கூறுவேன். அந்திப் பொழுதில், கதிரடிக்குங் களத்தில் அது தொடங்கும். முதற் சில திங்கள் கையிற் கருவியே இல்லை, காலடி மட்டுமே. அதன்பின், ஊன்றினால் நெற்றியளவு நிற்கும் மூங்கிற் கம்பு. அது கைவந்த பின்னரே முனை மழுங்கிய வாளும் கேடயமும். “கம்பைப் பாக்காதே கண்ணு, காலைப் பாரு” என்னுஞ் சொல்லை யான் எத்துணை முறை கேட்டேனென எண்ணிச் சொல்லல் இயலாது. எதிரியின் கை பொய் சொல்லும். கால் பொய் சொல்லாது. இஃதொன்றைக் கற்கவே எனக்கு ஓராண்டு சென்றது.

எம் அன்னையார் வேதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். “இயேசுவைத் தொழுகிறவனுக்கு வாள் எதற்கடா?” என்று அவர் வினவினார். வினா நேரியதே. கெத்செமனேத் தோட்டத்தில் வாளை உருவிய பேதுருவும் அதனை உறையி லிடுமாறே பணிக்கப்பட்டான் அன்றோ? யான் அன்னையாரைக் களத்திற்கு அழைத்துச் சென்றேன். என் தோழன் முழு விசையுடன் ஓங்கிய வாள், என் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே அசைவற்று நின்றதை அவர் கண்டார். ஓங்குதல் எவர்க்கும் எளிது. ஓங்கியதை நிறுத்துதலே கல்வி. அன்னையார் அதன்பின் தடை கூறிற்றிலர், உடன்படவும் இல்லை. அவ்வினா எனக்கு இன்றும் துணையாகவே உள்ளது.

இனி, மேலைநாட்டுச் செய்தி யொன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச படைக்கலச் சாலையில், ஏறத்தாழ 1320-ஆம் ஆண்டிற்குரிய ஜெர்மானிய ஏட்டுச்சுவடி யொன்று உளது. குருவானவர் ஒருவர் தம் மாணாக்கனுக்கு வாளும் சிறு கேடயமும் பயிற்றும் முறை அதில் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. இறுதியில் வால்புர்கிஸ் என்னும் பெண்ணொருத்தியும் வாளேந்தி நிற்கின்றாள். ஆங்கு அக்கலையைக் கற்பித்த பரம்பரை அற்றொழிந்தது. எனினும் இக்காலத்து ஆர்வலர் அவ்வோவியங்களையே ஆசானாகக் கொண்டு, ஒவ்வோ ரடியையும் ஆராய்ந்து மீட்கின்றனர். அவர்கட்கு ஏடுண்டு, ஆசான் இல்லை. நமக்கோ ஆசான் உண்டு, அவர் அறிந்ததனைத்தையும் தாங்கிய ஏடு இல்லை. இவற்றுள் எது பெரிய இழப்பென்பது ஆசான் மறையும் நாளிலன்றி விளங்காது.

எங்கள் ஆசானுக்கு அகவை எழுபது கடந்தது. மக்கள் இருவரும் திருப்பூரிற் பனியன் தொழிற்குச் செல்கின்றனர். களத்திற்கு வர அவர்க்குப் பொழுதில்லை. தம் ஆசான் கற்றிருந்த வாள்வரிசைகளுள் தமக்கு எய்தியவை பாதிக்கும் குறைவே யென்பர். அவற்றுள்ளும், தாழ்ந்தமர்ந்து வீசும் வரிசையை முழங்கால் நோவினால் அவர் இப்பொழுது ஆடிக்காட்ட இயலாது. வாயாற் கூறுவர், யாங்கள் ஆடுவோம், அவர் திருத்துவர். சென்ற கோடைமுதல் யாங்கள் ஒரு முறையைக் கைக்கொண்டோம். காலடி விழும் இடந்தோறும் களத்திற் கோலமாவால் அடையாளமிட்டு, அதனைக் குறிப்பேட்டில் வரைந்து, அவர் கூறுங் காரணத்தை அருகில் அவர் சொல்லிலேயே எழுதுகின்றோம். கைப்பேசியிற் படம்பிடித்தலும் உண்டு. ஆயின், படம் கை சென்ற வழியைக் காட்டுமேயன்றி, ஏன் அவ்வழிச் சென்றதென்பதைக் காட்டாது. இதுகாறும் நான்கு வரிசைகள் ஏட்டில் ஏறியுள்ளன.

காலம் வாட்கலைக்குப் பகையாக இல்லை. சென்னையிற் பிறந்த பவானி தேவி, 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்தில், இந்தியாவினின்று வாட்போருக்குத் தகுதிபெற்ற முதல்வராகக் களமிறங்கி, முதற் போட்டியில் வென்றார். 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பந்தயம் வளர்க, ஆயின், பந்தயத்திற்குப் பயன்படாத வரிசைகளை எவர் காப்பர்?

மாணவ அன்பர்காள்! நும் ஊரில் முதியவ ரொருவர் இருப்பர். அவர் கற்றது சிலம்பமாக இருக்கலாம். உடுக்கடிப் பாட்டாக இருக்கலாம். கிணறு வெட்டும் நுட்பமாகவும் இருக்கலாம். எழுத்தறிவு நமக்குக் கிடைத்த பேறு. அதனைத் தேர்வுத் தாளோடு முடித்துவிடாது, வரும் விடுமுறைக்கு ஒரு குறிப்பேட்டுடன் அவர் திண்ணையை நாடிச் செல்வீராக. அவர் இருக்கும்போதே செல்லுதல் நன்று.