ஓட்டும் கையும் ஓடும் மனமும்

உடல் ஓரிடத்தும் உள்ளம் வேறிடத்துமாக இருத்தல் மாந்தர்க்கு இயல்பாய் அமைந்ததொன்று. வகுப்பறையில் வீற்றிருக்கும் மாணவன் மனத்தளவில் விளையாட்டுத் திடலில் உலவுவான். ஆலயத்தில் முழந்தாளிட்டிருப்பவன் மனம் அடுக்களையின் மணத்தை நாடிச் செல்லும். இவற்றால் விளையும் இழப்புப் பெரும்பாலும் நம்மோடு ஒழியும். முற்காலத்து வண்டிக்காரன் சந்தையினின்று மீளுங்கால் வண்டியிலேயே சாய்ந்து உறங்கிவிடுதலும் உண்டு. அவன் உறங்கினும் மாடுகள் உறங்கா. அவை வழியறிந்து, எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கி, மேடுபள்ளம் பார்த்து, அவனை வீட்டுவாயிலிற் கொண்டு சேர்க்கும். நம்மிற் பலர் இன்று ஊரும் இருசக்கர வண்டிக்கோ, ஓட்டுபவன் கண்களன்றி வேறு கண்கள் இல்லை.

இவ்வுண்மையை யாம் ஏட்டிற் படித்து அறிந்தோமல்லோம். எமது பிழையால் அறிந்தோம். அதனை ஈண்டு மறையாது கூறுதல் கடமையெனக் கருதுகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன்னர் இம்மலரின் தமிழ்ப் பகுதியைத் தொகுக்கும் பணி எம்பால் இருந்தது. அச்சகத்தார் குறித்த நாள் நெருங்கிற்று. ஒரு கட்டுரை மட்டும் வந்து சேரவில்லை. அதனை எழுத ஒப்புக்கொண்ட மாணவர் நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரினர். நாள்தோறும் நான்குவழிச் சாலையில் தம் இருசக்கர வண்டியிற் கல்லூரிக்கு வந்து மீள்பவர். மாலை ஐந்து மணியளவில் அவரைக் கைப்பேசியில் அழைத்தோம். மணி ஒலித்தும் அவர் எடுத்திலர். மீண்டும் அழைத்தோம். மூன்றாம் முறை எடுத்தார். காற்றின் இரைச்சலினூடே, “ஐயா, வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன், பரவாயில்லை, சொல்லுங்கள்” என்றார். தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிக்கொண்டு அவர் பேசினார் என்பதைப் பின்னரே அறிந்தோம். “தம்பி, வீடு சேர்ந்தபின் பேசலாம்” என்று அப்போதே யாம் சொல்லியிருத்தல் வேண்டும். சொன்னோமில்லை. கட்டுரை எழுதி முடிந்ததா என்று கேட்டோம். எத்தனை பக்கம் வரும் என்று கேட்டோம். மூன்றாம் வினாவுக்கு விடை வரவில்லை. பேரொலி ஒன்று கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

இறைவன் அருளால் அவர் உயிர் பிழைத்தார். காறையெலும்பு முறிந்தது, முகத்திலும் கையிலும் காயங்கள். மருத்துவமனையில் எம்மைக் கண்டதும் அவர் கூறிய முதற்சொல், “கட்டுரை தாமதமாகிவிட்டது, ஐயா, மன்னியுங்கள்” என்பதே. மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்று எண்ணி யாம் தலைகுனிந்தோம். பக்கச் சாலையினின்று டிராக்டர் திரும்பியதை நீ காணவில்லையா என வினவினோம். “சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயா. ஆனால் அது கண்ணிற் படவேயில்லை” என்றார்.

அவ்விடை எம்மை நெடுநாள் வருத்திற்று. பார்த்துக்கொண்டிருந்தவர்க்குக் கண்ணிற் படாமை யாங்ஙனம்? இதற்கு விடை தேடியபோது, அமெரிக்க நாட்டு உளநூலார் சைமன்ஸ், சாப்ரிஸ் என்னும் இருவர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் கண்டோம். வெள்ளாடையர் சிலரும் கருப்பாடையர் சிலரும் பந்தெறிந்து ஆடும் படம் ஒன்றைக் காட்டி, வெள்ளாடையர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றினர் என எண்ணுமாறு பார்ப்போரைப் பணித்தனர். ஆட்டத்தின் நடுவே கொரில்லாக் குரங்கின் வேடம் பூண்ட ஒருவர் நுழைந்து, நின்று, மார்பில் அறைந்துகொண்டு வெளியேறினார். எண்ணுவதிற் கருத்தூன்றியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அக்குரங்கைக் காணவேயில்லை! கண் திறந்திருத்தல் வேறு, காண்டல் வேறு என்பது இதனால் விளங்கும். கண் வாயில், காண்பது மனம். மனம் கட்டுரையின் பக்கங்களை எண்ணிக்கொண்டிருக்கையில் டிராக்டரும் மறையும்.

வண்டி ஓட்டுபவனைப் பிறழச் செய்வன மூவகைப்படும் என்பர்: சாலையினின்று கண்ணை ஈர்ப்பன, கைப்பிடியினின்று கையை ஈர்ப்பன, ஓட்டும் தொழிலினின்று மனத்தை ஈர்ப்பன. கைப்பேசியில் வந்த செய்தியை ஓட்டிக்கொண்டே படித்து விடையெழுதுதல் இம்மூன்றையும் ஒருங்கே செய்வதால் மிகக் கொடிது. இதனைக் கணக்கிட்டே காணலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்லும். ஐந்து விநாடி குனிந்து ஒரு செய்தியைப் படித்தால், அதற்குள் 83 மீட்டர் கடந்துவிடும். நம் விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டக்காரர் ஒருவர், தொடக்கம் முதல் முடிவுக்கோட்டினை அணுகுமளவும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதை எண்ணிப் பாருங்கள். எதிரே எவரும் இலர் என்பதற்கு யார் பிணை?

கையிற் பிடியாமற் காதிற் பொருத்திப் பேசினால் தீங்கில்லையே எனச் சிலர் வினவுவர். கனடா நாட்டு டொராண்டோ நகரில், விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்தம் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. பேசிக்கொண்டு ஓட்டுகையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது என்பதும், கையிற் பிடியாது பேசும் கருவியால் இவ்விடர் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அதன் சாரம். கை விடுபட்டும் மனம் விடுபடாமையே காரணம். அற்றேல், பக்கத்தில் அமர்ந்து வருபவரோடு பேசுதலும் அத்துணைத் தீதோ எனின், அன்று. உடன் வருபவர் சாலையைத் தாமும் காண்கின்றார், இடர் வரக்கண்டால் பேச்சை நிறுத்துவார், “பார்த்து!” எனக் கூவவும் செய்வார். மறுமுனையில் இருப்பவரோ ஒன்றும் காணார். எமது மூன்றாம் வினா, டிராக்டர் திரும்பிய அக்கணத்திலேயே எழுந்தது. அதனை அறியும் கண் எமக்கு இல்லை.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டுகையிற் கைப்பேசியைக் கையாளுதலை அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாக வைத்து, முதன்முறைக்கு ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றது. எனினும் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு விபத்துக்களின் எண்ணிக்கையில் 64,105 எனத் தமிழ்நாடே முதலிடம் பெற்றது. இவற்றிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கைப்பேசி காரணமாயவற்றை நம் கையாலேயே ஒழிக்கலாம். மேலும், காவலர் கையைக் காண்பர்; மனத்தைக் காணார். அழைத்தவர்க்கோ அபராதமே இல்லை.

ஆதலின் சட்டம் எட்டாத இடத்தில் நாமே நமக்குச் சட்டமாதல் வேண்டும். வண்டியில் ஏறுமுன் கைப்பேசியின் ஒலியை அடக்கிப் பைக்குள் இடுக. செல்லும் வழியைப் புறப்படுமுன்னரே பார்த்துக்கொள்க. தவிர்க்கவொண்ணாத செய்தியாயின், ஓரமாய் வண்டியை நிறுத்திப் பேசுக. இவை ஓட்டுபவர்க்கு. அழைப்பவர்க்கும் ஒன்று உண்டு. எவரை அழைப்பினும் முதல் வினா, “வண்டியிலா இருக்கிறாய்?” என்பதாகட்டும். ஆம் என்றால் அக்கணமே வைத்துவிடுக. எடுக்கவில்லையெனின் ஓட்டிக்கொண்டிருக்கிறார் எனக் கொண்டு பொறுத்திருக்க. ஆசிரியர் அழைத்தால் மாணவர் எடுக்காதிருக்க அஞ்சுவர். தாய் அழைத்தால் மகள் எடுக்காதிருக்க மனம் ஒவ்வாள். நம் அன்பும் அதிகாரமுமே அவர்களை இடரிற் செலுத்துகின்றன.

வள்ளுவர் மறதிக்கு இடங்கொடாமையைப் பொச்சாவாமை என 54ஆம் அதிகாரமாக வைத்தார். வேந்தர்க்கென வகுத்த பகுதியில் அஃது உளது. வண்டியின் கைப்பிடியைப் பற்றியவனும் அவ்வளவில் ஒரு வேந்தனே. பிறர் உயிர் அவன் காவலில் இருக்கின்றது. பிறன் யார் என்று கேட்டவனுக்கு நம் ஆண்டவர் சொன்ன கதையும் ஒரு சாலையில் நிகழ்ந்ததே. கைப்பேசியின் மறுமுனையில் வண்டியேறிச் செல்பவனும், அவ்வண்டியின் முன்னே சாலையைக் கடப்பவளும் நமக்குப் பிறரே.

அம்மாணவர் நலமுற்று மீண்டார். இன்று தாமும் ஓர் ஆசிரியராய் இருக்கின்றார். அவர் கட்டுரையைத் தங்கை எழுதிக்கொடுக்க, மருத்துவமனையிலிருந்தே சொல்லி முடித்து அனுப்பினார். குறித்த நாளினும் நான்கு நாள் கழித்து மலர் அச்சேறிற்று. அந்த நான்கு நாளால் எவர்க்கும் எக்குறையும் நேரவில்லை.