ஏழு சம்பளச் சீட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது கரண்ட் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். "உடனடி வேலை. எட்டாவது முதல் டிகிரி வரை. சம்பளம் 18,000 கைக்கு. சாப்பாடு, ரூம் இலவசம்." கம்பெனி பெயர் இல்லை. கீழே ஒரு செல் நம்பர் மட்டும். இந்த மாதிரி நோட்டீஸ் நம் ஊரில் கம்பத்துக்குக் கம்பம் இருக்கிறது, நின்று படிக்கிற வழக்கமே எனக்குக் கிடையாது. அன்றைக்கு நின்றேன். ஏனென்றால் அந்த நம்பர் என் போனிலும் இருக்கிறது.

அவன் என்னிடம் பத்தாவது படித்தவன். கிளாஸ் லீடர். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதி வைப்பான். வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்கவே மாட்டான். பெயர் போடப் போவதில்லை. இந்தப் பதிவை அவனும் படிப்பான் என்று எனக்குத் தெரியும்.

அவன் இப்போது மேன்பவர் காண்ட்ராக்டர். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவன். எங்கள் தலைமுறைக்கு இந்த வேலையே தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் காலை ரயிலில் போவார்கள். டிபன் கேரியரைப் பார்த்தே இன்னார் இன்ன கம்பெனி என்று சொல்லலாம். அப்புறம் திருவள்ளூர் பக்கம் லேன்சர் கார் கம்பெனி வந்தது, காக்களூர் சிட்கோ பெரிதானது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் புகைபோக்கிகள் கூடிக்கொண்டே போயின. கம்பெனி பெருகப் பெருக, "எந்தக் கம்பெனிடா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகளும் பெருகினார்கள். "காண்ட்ராக்ட்ல போறேன் டீச்சர்." அவ்வளவுதான் பதில்.

நம் லீடர் அப்படி நிறையப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன். அதை மறுக்க முடியாது. கொரோனா சமயத்தில் என் வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் போனவன் அவன். அதனால் 2021 கடைசியில், மூன்று தெரு தள்ளி இருக்கும் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிவந்து, "இவனுக்கு ஒரு வழி காட்டுங்க டீச்சர்" என்றபோது யோசிக்கவே இல்லை. அவனும் என் மாணவன்தான். பிளஸ் டூ முடித்து, கேட்டரிங்குக்கும் கொரியருக்கும் போய்க்கொண்டிருந்தான். நான் லீடருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "நம்ம பையன், பாத்துக்கோ" என்றேன்.

லீடர் பார்த்துக்கொண்டான். இரண்டாயிரம் ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வாங்கினான். பிளஸ் டூ மார்க் ஷீட்டை ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டான். பையனுக்குக் கும்மிடிப்பூண்டியில், கார் பார்ட்ஸ் செய்யும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. இரண்டும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போக பேசின் பிரிட்ஜ் வரை போய் வேறு வண்டி மாற வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவன் தினம் வந்து போக முடியுமா? ஒடிசா, பீகார் பிள்ளைகளோடு எட்டுப் பேர் ஒரு ரூமில் தங்கினான். ஹிந்தி கற்றுக்கொண்டதுதான் லாபம் என்று சிரிப்பான்.

பொங்கல் கழித்து லீவில் வந்தவன் ஒரு சம்பளச் சீட்டை என்னிடம் காட்டினான். "16,500ன்னு சொன்னாங்க டீச்சர், கையில ஒம்பதாயிரம் கூட வரல. கணக்குல தப்பு இருக்கான்னு பாருங்க."

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவளிடம் அதைக் கேட்டால் விடுவேனா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் கூலி 480, இருபத்தாறு நாளைக்கு 12,480. அதில் பி.எஃப். 12 சதவீதம் 1,498. ஈ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் 94. கேன்டீன் 780. பஸ் 650. ரூம் பராமரிப்பு என்று 500. போக மீதி 8,958. 16,500 என்பது ஓ.டி. எல்லாம் சேர்த்துச் சொன்ன கணக்காம். அந்த மாதம் ஓ.டி. காசு இன்னும் போடவில்லையாம். இலவச ரூமுக்கு என்னடா பராமரிப்பு என்று முணுமுணுத்தேன். ஆனால் கூட்டல் கழித்தலில் ஒரு பைசா தப்பு இல்லை. "கணக்கு சரியாத்தான்டா இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சீட்டில் பி.எஃப். எண் என்று அச்சடித்த இடம் காலியாக இருந்தது. ஈ.எஸ்.ஐ. எண்ணுக்கு எதிரேயும் ஒரு கோடுதான். பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

2022 ஜூலையில் ஒரு நாள் காலை ஆறரை மணி. வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். லீடர் பைக்கை நிறுத்திவிட்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. நைட் ஷிப்டில் பிரஸ் மெஷினில் பையனின் வலது கை மாட்டிவிட்டது, நடுவிரலில் இரண்டு கணு போய்விட்டது, தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறது. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்கம்மா கேப்பாங்க. நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தான்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா போதும். இன்னிக்கே ஈ.எஸ்.ஐ. பதிஞ்சிடறேன். வைத்தியம் ஃப்ரீயா நடக்கும். மேல அம்பதாயிரம் நானே தர்றேன்."

"ஏழு மாசமா பிடிச்சியேடா?"

தலை குனிந்து நின்றான். பிறகு சொன்னான். அவன் பில் போட்டால் கம்பெனி பாஸ் பண்ண இரண்டு மாதம் ஆகுமாம். இவனோ பத்தாம் தேதி சம்பளம் போட வேண்டும். போடாவிட்டால் ஆள் நிற்காது. கூட ஒருத்தன் தலைக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்துக் காண்ட்ராக்டைப் பிடுங்கப் பார்க்கிறான். "பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. காசுலதான் சுத்திக்கிட்டு இருக்கேன் டீச்சர். கட்டிடலாம் கட்டிடலாம்னு..." அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வட்டிக்கு வாங்கியவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நான் அவன் பைக்கில் ஏறி அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போடச் சொல்லத்தான் போனேன். வைத்தியம் நடக்கட்டும், லீடரும் தப்பிக்கட்டும், இரண்டும் என் பிள்ளைகள் என்று மனம் போனது.

அந்த அம்மா பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அழுது முடித்து, முந்தானையில் முகம் துடைத்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு கேட்டார்: "ஏரி வேலைக்குப் போனா எத்தனை நாளுன்னு அட்டையில ஏறுது டீச்சர். ஏறலன்னா போயி சண்டை போடறோம். எம்புள்ளைகிட்ட மாசாமாசம் பிடிச்சாங்களே, அது எதுல ஏறிச்சு?"

எனக்குப் பதில் இல்லை. லீடர் எழுந்து வெளியே போய்விட்டான். அந்தப் பேப்பரில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

பையன் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தான், சேஃப்டி ஷூ வந்த அட்டைப் பெட்டிக்குள். ஏழு சீட்டு. வரிசையாக அடுக்கியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. முதல் நான்கில் தலைப்பில் ஒரு பெயர், அடுத்த மூன்றில் வேறு பெயர். அதே மெஷின், அதே சூப்பர்வைசர், அதே லீடர். நாத்தனார் மகன் தொழிற்சங்கத்தில் இருக்கிறான். அவன்தான் விளக்கினான். தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. ஆளை மாற்றாமல் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால், எந்தப் பெயரிலும் 480 நாள் சேராது. கணக்கு டீச்சருக்கு இது கழித்தலா வகுத்தலா என்று புரியவில்லை.

அவன் சொன்ன இன்னொன்றுதான் எங்களுக்குப் பிடிகொம்பு. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே தர வேண்டும் என்று 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஈ.எஸ்.ஐ. சட்டமும் அப்படித்தான். காண்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிய பொறுப்பு முதலில் கம்பெனிக்கு. வேலையில் அடிபட்டால், இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது, சேர்ந்த முதல் நாளே போதும். கட்டாமல் விட்டது முதலாளி தப்பு, அதற்குத் தொழிலாளி பலன் போகாது. 2025 நவம்பரில் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொகுப்புகள் வந்துவிட்டன. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் கம்பெனி பொறுப்பு என்பது அதிலும் இருக்கிறது. எல்லாருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் இருக்கிறது.

நான் மனு எழுதினேன். ரிட்டயர் ஆன பிறகு அவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. ஏழு சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்து, ஈ.எஸ்.ஐ. அலுவலகம், பி.எஃப். அலுவலகம், தொழிலாளர் துறை மூன்றுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதினான்கு மாதம் நடந்தோம். அலைச்சலை விவரிக்கப் போவதில்லை, அலைந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் கம்பெனியே பாக்கியைக் கட்டியது. அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கையில் இன்னொரு ஆபரேஷன் நடந்தது. நன்றாகப் பார்த்தார்கள்.

மெடிக்கல் போர்டு 9 சதவீத இழப்பு என்று எழுதியது. அதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது, பிள்ளைகளே. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணுவுக்கு 9. நடுவிரல் முழுசுக்கு 12, இரண்டு கணுவுக்கு 9. வாய்ப்பாடு மாதிரி வரிசையாக இருந்தது. எனக்குப் படிக்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

பிறகு ராத்திரி எழுந்து கணக்குப் போட்டேன். கூலி 480இல் 90 சதவீதம் 432. அதில் 9 சதவீதம் 38 ரூபாய் 88 காசு. ஒரு நாளைக்கு, ஆயுசு முழுக்க. தோராயக் கணக்குதான். லீடர் தருவதாகச் சொன்ன ஐம்பதாயிரத்தை இது மூன்றரை வருஷத்தில் தாண்டிவிடும். பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

கம்பெனி லீடரை வெளியே அனுப்பியது. மார்க் ஷீட்டை யாரோ ஒரு பையனிடம் கொடுத்து அனுப்பினான், பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடிப்புக் கலையாமல். ஆசிரியர் தினத்துக்கு முதல் ஆளாக வருகிறவன் அந்த வருஷத்திலிருந்து வருவதில்லை. இப்போது கம்பத்தில் அவன் நம்பரைப் பார்த்தபோது, திரும்ப எழுந்துவிட்டான் என்று ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்டேஷனுக்குப் போகாமல் அங்கேயே நின்று போன் போட்டேன். எடுத்தான்.

"சொல்லுங்க டீச்சர்."

"நம்பர் கொடுக்கறியாடா இப்ப?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "குடுக்கறேன் டீச்சர். எல்லாருக்கும் இல்ல. பாதிப் பேருக்குக் குடுக்கறேன்."

மீதிப் பாதியில் நம் ஊர்ப் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவன் மூலமாகவோ வேறு யார் மூலமாகவோ வேலைக்குப் போகிறவர்கள், பி.எஃப்.புக்குப் பன்னிரண்டு இலக்க எண், ஈ.எஸ்.ஐ.க்குப் பத்து இலக்க எண், இரண்டும் முதல் சம்பளச் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் பணம் ஏறியிருக்கிறதா என்று உமங் செயலியில் பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் சனி, ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், சீட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு. அந்தப் பையனும் இருப்பான். இப்போது காக்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். செயலியில் பார்ப்பதற்கு என்னைவிட அவன்தான் கெட்டிக்காரன்.